ஒத்துழைப்பும் ஒத்தூதலும்

மனிதன் தன் உறவினரைத் தேர்ந்துகொள்வதில்லை. ஆயினும் அவர்களிடையே பிறந்து வளர்வதால் அவர்களுடைய இயல்பு அவனுக்குப் பழகிவிடுகிறது. நண்பரைத் தானே தேர்ந்துகொள்கிறான். ஒவ்வாதவரை விட்டு விலகவும் அவனுக்கு உரிமை உண்டு. உடன் பணிபுரிவோர் இவ்விரு வகையிலும் சேராதவர்கள். யாரோ ஒருவர் ஒப்பமிட்ட நியமனக் கடிதத்தால் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். வயது வேறு, ஊர் வேறு, பழக்கம் வேறு. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் மொழியும் சமயமும் வேறு. ஆனால் விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி அவர்களோடுதான் கழிகிறது. ஆகவே, பணியிடத்தில் பிறரோடு இணங்கி நடப்பது எப்படி என்னும் கேள்வி, வாழ்நாளில் பாதியை எப்படிக் கழிப்பது என்னும் கேள்வியேயாகும்.

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் கூறும் விடை எளியது. சண்டை போடாதே, மேலதிகாரியை எதிர்த்துப் பேசாதே, பிறர் வேலையில் மூக்கை நுழைக்காதே, சிரித்த முகத்தோடு வந்து சிரித்த முகத்தோடு போ. இவ்வறிவுரையில் தவறு ஒன்றும் இல்லைபோல் தோன்றும். ஆனால் இதனை முழு விடையாகக் கொண்ட இடங்களில் நேர்ந்த கேடுகளை எண்ணிப் பார்த்தால், சண்டை இல்லாமை வேறு, இணக்கம் வேறு என்பது விளங்கும்.

மூன்று சொற்கள்

இவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழில் நல்ல சொற்கள் உண்டு. ஒத்துப்போதல், ஒத்துழைத்தல், ஒத்தூதுதல் என்னும் மூன்றும் காதுக்கு உடன்பிறப்புகள்போல் ஒலிக்கின்றன. பொருளிலோ வெகு தொலைவு விலகி நிற்கின்றன. ஒத்துப்போதல் என்பது சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் விட்டுக்கொடுப்பது. ஒத்துழைத்தல் என்பது ஒரு பொதுக் காரியத்தை முடிக்கப் பலர் தத்தம் உழைப்பைச் சேர்ப்பது. மூன்றாவது சொல், நாதசுரக் கச்சேரியில் பிறந்தது.

ஒத்து என்பது சுருதி கொடுக்கும் குழல். அதில் இராகம் இல்லை. ஏற்ற இறக்கம் இல்லை. தலைமைக் கலைஞர் எந்த இராகத்தை வாசித்தாலும் ஒத்துக்காரர் அதே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பார். கச்சேரிக்கு அவர் இன்றியமையாதவர். சுருதி இல்லாமல் இசை இல்லை. ஆனால் இக்காட்சியைக் கண்ட பொதுமக்கள், பெரியவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று ஏளனமாகக் கூறத் தொடங்கினர். இசையில் குணமாக இருப்பது அலுவலகத்தில் குற்றமாகிவிடுகிறது.

ஒத்துழைப்பும் ஒத்தூதலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு இடங்களிலும் கூச்சல் இராது. இரண்டு இடங்களிலும் கூட்டங்கள் அமைதியாக முடியும். வேறுபாடு ஒரு தவறு நேரும்போதுதான் வெளிப்படும். கீழ்நிலையில் உள்ளவர் தாம் கண்ட தவற்றை மேல்நிலையில் உள்ளவரிடம் அச்சமின்றிச் சொல்கிறாரா, மேலவர் அதைக் காதில் வாங்குகிறாரா என்பதே இணக்கத்தின் உரைகல்.

தொழிற்சாலையில் இரண்டு அறைகள்

தொழிலாளர்களிடையே நிலவும் உறவு அவர்களுடைய வேலையைப் பாதிக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த சிசரோவில் இருந்த ஹாத்தோர்ன் தொழிற்சாலை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமான அத்தொழிற்சாலையில் தொலைபேசிக் கருவிகள் உற்பத்தியாயின. 1924ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய ஆராய்ச்சியின் நோக்கம் மிகச் சிறியது: விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று பார்ப்பது. வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் நேரான தொடர்பு எதுவும் அகப்படவில்லை. வேறு ஏதோ ஒன்று வேலையைத் தீர்மானிக்கிறது என்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர்.

1927இல் ஆறு பெண்கள் தனி அறை ஒன்றில் அமர்த்தப்பட்டனர். ஐவர் 'ரிலே' எனப்படும் சிறு மின்கருவியைப் பூட்டினர். ஒருவர் அவர்களுக்கு வேண்டிய உறுப்புகளை எடுத்துக் கொடுத்தார். ஓய்வு நேரம், வேலை நேரம், கூலி முறை ஆகியவை ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. மாற்றங்களுக்கு முன் அப்பெண்களின் கருத்தும் கேட்கப்பட்டது. உற்பத்தி படிப்படியாக நூற்றுக்கு முப்பது அளவுக்கு உயர்ந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்ட்டன் மேயோவும் அவரைச் சார்ந்தோரும், தங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்ற உணர்வே இவ்வுயர்வுக்குக் காரணம் என்று விளக்கினர். பின்வந்த அறிஞர்கள் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்கவில்லை. கூலி முறை மாறியதை அவர்கள் சுட்டிக்காட்டினர். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று கூறி இரண்டு பெண்களை 1928இல் நீக்கி வேறு இருவரைச் சேர்த்ததையும் எடுத்துக்காட்டினர். பேச உரிமை அளித்ததாகப் புகழப்பட்ட அறையிலேயே, பேசியதற்காக இருவர் வெளியேற்றப்பட்டனர் என்பது கருதத்தக்கது.

இதைவிடப் பாடம் மிகுந்தது இரண்டாவது அறை. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்புக் கருவிகளுக்குக் கம்பி பூட்டும் ஆண்கள் பதினால்வர் அங்குக் கவனிக்கப்பட்டனர். அவர்களிடையே நட்பு இருந்தது. கேலியும் விளையாட்டும் இருந்தன. அத்துடன் எழுதப்படாத சட்டம் ஒன்றும் இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு கருவிகளுக்குக் கம்பி பூட்டினால் போதும் என்பது அச்சட்டம். அதற்கு மேல் செய்தவனுக்குக் கேலிப் பெயர் கிடைத்தது. மேற்கையில் ஒரு குத்தும் விழுந்தது. மிகக் குறைவாகச் செய்தவனும் இகழப்பட்டான். மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்பவனோ எல்லாரினும் இழிந்தவனாகக் கருதப்பட்டான். அதிகம் உழைத்தால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், ஆட்களை நீக்கிவிடுவார்கள் என்ற அச்சமே இதற்கெல்லாம் அடிப்படை. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். அச்சத்துக்குக் காரணமும் இருந்தது.

அந்த அறையில் சண்டை இல்லை. ஆனால் தொழிலாளர் நிருவாகத்திடம் உண்மை பேசவில்லை, நிருவாகமும் தொழிலாளரின் அச்சத்தைக் கேட்டறியவில்லை. ஆகவே ஒரு கூட்டத்தார் தமக்குள் நன்றாக இணங்கியிருப்பதால் மட்டும் அங்கு ஒத்துழைப்பு இருக்கிறதென்று கொள்ளக்கூடாது. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று அக்கூட்டம் வகுத்திருக்கும் எல்லையையும் பார்க்க வேண்டும்.

வானில் நேர்ந்த மௌனம்

தொழிற்சாலையில் பேசாமையின் விலை சில கருவிகள். வேறு சில தொழில்களில் அதன் விலை மனித உயிர்.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயினுக்கு உரிய தெனரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. அருகிலிருந்த வேறொரு தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்குத் திருப்பி விடப்பட்டிருந்தன. கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்பட ஆயத்தமாக நின்றது. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் மற்றொரு ஜம்போ விமானம் அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்தது. ஒன்றை ஒன்று காண முடியாத பனி.

கே.எல்.எம். தலைமை விமானி அந்நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சியாளர். ஜம்போ விமானம் ஓட்டுவோரைத் தேர்வு செய்து சான்று அளிப்பவர். அவர் விமானத்தை நகர்த்த முற்பட்டபோது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். தலைவர் நிறுத்தினார். பிறகு செல்லும் வழி பற்றிய குறிப்பு மட்டும் வந்தது. புறப்படுவதற்கான அனுமதி வரவில்லை. தலைவர் மீண்டும் விசையைத் தள்ளினார். இம்முறை துணை விமானி தடுக்கவில்லை. விமானம் ஓடத் தொடங்கிய பின், எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பின்னாலிருந்த பொறியாளர் ஐயத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகக் கூறினார். அதற்கு மேல் எவரும் பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரே விபத்தில் இத்தனை பேர் இறந்தது வேறெங்கும் இல்லை.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை அணுகிய யுனைட்டெட் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் ஒன்றில், தரையிறங்கும் சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்ற ஐயம் எழுந்தது. தலைமை விமானி அதை ஆராய்ந்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானிலேயே சுற்றினார். எரிபொருள் குறைந்துவருவதை மற்ற இருவரும் அறிந்திருந்தனர். குறிப்பாகச் சொல்லவும் செய்தனர். ஆனால் 'இப்போதே இறங்காவிட்டால் விழுவோம்' என்று எவரும் வெளிப்படையாகக் கூறவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விமானம் நகரின் புறத்தே விழுந்தது. இருந்த 189 பேரில் பதின்மர் இறந்தனர். அவர்களுள் அந்தப் பொறியாளரும் ஒருவர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தலைவரின் கவனக்குறைவை முதற்காரணமாகக் கண்டது. அத்துடன், எரிபொருள் நிலையின் கடுமையை மற்ற இருவரும் முழுமையாக உணரவில்லை, அல்லது தலைவருக்கு அதை உணர்த்தத் தவறினர் என்றும் கூறியது. இவ்விரு விமானங்களிலும் இருந்தவர்கள் தேர்ந்த தொழிலாளிகள். அவர்களிடையே பகை இருந்ததாக எவரும் கூறவில்லை. ஒருவரை ஒருவர் மதித்தனர். அம்மதிப்பு, சொல்ல வேண்டியதைச் சொல்ல விடாமல் நாவைக் கட்டியது என்பதுதான் துயரம்.

பணிவும் தெளிவும்

மொழியாசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. சார்லட் லிண்டே என்னும் மொழியியல் அறிஞர் விமானியறையில் பதிவான உரையாடல்களை ஆராய்ந்து, 1988இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். கீழ்நிலையில் உள்ளவர் மேலவரிடம் பேசும்போது கருத்தை மென்மைப்படுத்திப் பேசுகின்றனர் என்றும், அவ்வாறு மென்மைப்படுத்திய யோசனைகள் ஏற்கப்படாமல் போவது மிகுதி என்றும் அவர் கண்டார்.

இதனைத் தமிழில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'எரிபொருள் கொஞ்சம் குறைந்திருக்கிறது போலும்' என்பது குறிப்பு. 'இன்னும் சுற்றத்தான் வேண்டுமா?' என்பது வினா. 'ஐயா, எரிபொருள் பத்து நிமிடத்துக்கு மேல் வராது. இப்போதே இறங்க வேண்டும்' என்பது செய்தியும் முடிவும் சேர்ந்த கூற்று. முதல் இரண்டையும் கேட்பவர் தம் விருப்பம்போல் பொருள் கொள்ளலாம், கேளாததுபோலவும் இருந்துவிடலாம். மூன்றாவது அதற்கு இடம் தராது. ஆனால் அதில் பணிவு குறைந்துவிட்டதா? 'ஐயா' என்னும் விளி இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை, 'உமக்குக் கண் தெரியவில்லையா' என்ற இகழ்ச்சி இல்லை. பணிவு விளியிலும் குரலிலும் இருக்கலாம். செய்தியில் மட்டும் மங்கல் கூடாது. மரியாதைப் பன்மையும் உறவுப் பெயரும் நிறைந்த தமிழில், பணிவையும் தெளிவையும் ஒரே வாக்கியத்தில் வைக்க இயலாது என்று கூறுவதற்கில்லை. மாணவர்க்கு வாக்கிய வகைகளைக் கற்பிப்போர் இதையும் கற்பிக்கலாம்.

புதிய பயிற்சி

மேற்கூறிய விபத்துகளும் வேறு சிலவும் விமானத் துறையினரை விழிக்கச் செய்தன. 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா இது குறித்து ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. 1981இல் யுனைட்டெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதிய பயிற்சியைத் தொடங்கியது. குழுவில் உள்ள எல்லாருடைய அறிவையும் பயன்படுத்தும் முறை என்று அதனைச் சுருங்கக் கூறலாம். இன்று உலகெங்கும் விமான நிறுவனங்களில் அது கட்டாயப் பாடமாக உள்ளது.

அப்பாடம் இரு திறத்தார்க்கும் உரியது. கீழவர், தலைவரை விளித்துக் கவனத்தைப் பெற வேண்டும். தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். அதனால் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டும். செய்யத்தக்கதைக் கூற வேண்டும். தலைவரின் விடையைக் கேட்டுப் பெற வேண்டும். விடை வராவிட்டால் மீண்டும் சொல்ல வேண்டும். தலைவரோ, புறப்படுமுன்பே 'நான் தவறு செய்வதைக் கண்டால் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொன்னவரைச் சினந்துகொள்ளாமல் ஆராய வேண்டும். முடிவு செய்யும் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும். தலைமை இதனால் அழிவதில்லை. பல கண்கள் கொண்டு பார்க்கும் வலிமையைப் பெறுகிறது.

1989 ஜூலை 19ஆம் நாள் இப்பயிற்சியின் பயன் வெளிப்பட்டது. யுனைட்டெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் ஒன்றின் வால்பகுதி எஞ்சின் நடுவானில் சிதறி, விமானத்தைத் திருப்பும் அமைப்புகள் அனைத்தையும் முடக்கியது. பயணியாக வந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவ முன்வந்தபோது, தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் தயங்காமல் அவரை உள்ளே அழைத்து எஞ்சின் விசைகளை அவர் கையில் கொடுத்தார். எஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தை வழிநடத்தினர். சூ சிட்டி நகரில் இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் இறந்தனர். ஆனால் 184 பேர் பிழைத்தனர். விமானியறையில் இருந்த நால்வருக்கும் சேர்த்து 103 ஆண்டு அனுபவம் இருந்தது. தாம் மட்டுமே அறிந்தவர் என்று எண்ணியிருந்தால் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார் என்பது ஹேன்ஸ் பலமுறை எடுத்துரைத்த கருத்து.

சாங்கியில் ஒரு காலைப்பொழுது

சிங்கப்பூர் மக்கள் நினைவில் நிற்கும் நிகழ்ச்சி ஒன்றும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 2010 நவம்பர் 4ஆம் நாள் காலை, சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம், சில நிமிடங்களில் பாத்தாம் தீவின் மேல் பறந்துகொண்டிருந்தபோது அதன் எஞ்சின் ஒன்று வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்தன, கம்பிகளை அறுத்தன, எரிபொருள் கசிந்தது. கணினித் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. விமானத்தில் 469 பேர் இருந்தனர்.

அன்று விமானியறையில் ஐந்து விமானிகள் இருந்தனர். வழக்கமான மூவரோடு, தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியின் பணியைத் தேர்வு செய்ய ஒருவரும், தேர்வு செய்பவருக்குப் பயிற்சி அளிக்க ஒருவரும் வந்திருந்தனர். அனுபவத்தில் மூத்தவர் பலர் ஒரே அறையில் இருந்தால் 'நான் பெரியவன், நீ பெரியவன்' என்ற போட்டி எழுவது உலக இயல்பு. அன்று அது எழவில்லை. தலைவர் விமானத்தைச் செலுத்தினார். துணை விமானி எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகக் கவனித்தார். மற்றவர்கள் இறங்குவதற்கு வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டனர். இளையவரான இரண்டாம் துணை விமானி சேதத்தைக் காணப் பயணிகள் பகுதிக்குச் சென்றார். அங்குப் பயணியாக அமர்ந்திருந்த விமானி ஒருவர், இருக்கைத் திரையில் தெரிந்த வால்பகுதிப் படக்கருவியின் காட்சியைக் காட்டி, இறக்கையிலிருந்து ஏதோ ஒழுகுகிறது என்று சுட்டினார். அச்செய்தியும் விமானியறைக்குப் போய்ச் சேர்ந்தது.

4,000 மீட்டர் நீளமான ஓடுபாதையில் 100 மீட்டரே மிஞ்சும் என்று கணக்கு காட்டியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வானில் இருந்தபின் விமானம் சாங்கியில் இறங்கி நின்றது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இயந்திர நுட்பமும் விமானிகளின் திறமையும் இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தெனரீஃப்பிலும் திறமை இருந்தது. சாங்கிக்கு மேலே அத்திறமையோடு பேச்சும் கேள்வியும் சேர்ந்திருந்தன.

அறுவை அறையில் பெயர் சொல்லுதல்

விமானத் துறை கற்ற பாடம் மருத்துவமனைக்கும் சென்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை மருத்துவத்துக்கென 19 குறிப்புகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளி இவர்தானா, அறுவை எந்தப் பக்கம், பஞ்சும் கருவிகளும் எண்ணிச் சரிபார்க்கப்பட்டனவா என்பன போன்ற குறிப்புகள் அதில் உள்ளன. அவற்றினிடையே ஒன்று வியப்புக்குரியது: கத்தியை வைக்கும் முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பெயருக்கும் அறுவைக்கும் என்ன தொடர்பு? ஒருமுறை வாய் திறந்து பேசியவர் மறுமுறை பேசத் தயங்கமாட்டார். 'ஏ நர்ஸ்' என்று அழைக்கப்படுபவர் மருத்துவரைத் திருத்த அஞ்சுவார்; பெயரிட்டு அழைக்கப்படுபவர் அவ்வளவு அஞ்சமாட்டார். புதுடில்லி, மணிலா, லண்டன், டொராண்டோ முதலிய எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைச் சோதித்தபோது, அறுவைக்குப் பின் இறப்போர் அளவு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009இல் இம்முடிவு வெளியாயிற்று. ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. தாளில் குறியிடுவது வேறு, மனமுவந்து பேசுவது வேறு என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. இணக்கத்தைச் சுற்றறிக்கையால் உண்டாக்கிவிட முடியாது.

வள்ளுவர் வகுத்த எல்லை

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில், அரசனிடம் பணிபுரிவோர் நடக்கவேண்டிய முறையை 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்னும் 70ஆம் அதிகாரம் கூறுகிறது. மிக நெருங்கவும் கூடாது, மிக விலகவும் கூடாது. காலமும் குறிப்பும் அறிந்து பேச வேண்டும். பணிவின் இலக்கணம் அது. அதை மட்டும் படித்தவர், வாய் மூடியிருப்பதே அறிவுடைமை என்று எண்ணிவிடக்கூடும். ஆனால் 'அமைச்சு' என்னும் 64ஆம் அதிகாரத்தில், அரசன் தானும் அறியாமல் அறிந்தவர் சொல்லையும் அழிப்பவனாயினும், உறுதி பயப்பதை எடுத்துரைத்தல் அமைச்சன் கடமை என்று அவரே விதிக்கிறார். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் 45ஆம் அதிகாரத்திலோ, இடித்துரைப்போர் இல்லாத அரசன் பகைவர் இல்லாவிடினும் கெடுவான் என்று தலைவனை எச்சரிக்கிறார்.

மூன்று அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தால் முழு வடிவம் கிடைக்கும். சொல்லும் முறையில் பணிவு வேண்டும். சொல்லும் செய்தியில் உறுதி வேண்டும். கேட்பவரிடம் பொறுமை வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒத்துழைப்பு நில்லாது.

ஆசிரியர் அறையில்

பள்ளியில் விமானம் விழுவதில்லை. ஆகவே மௌனத்தின் விலை உடனே தெரிவதில்லை. மூத்த ஆசிரியர் ஆயத்தம் செய்த தேர்வுத்தாளில் ஒரு வினா பிழையாக இருக்கிறது. புதிதாக வந்த இளம் ஆசிரியர் அதைக் காண்கிறார். சொன்னால் 'நேற்று வந்தவர் எனக்குப் பாடம் சொல்கிறாரா' என்ற முகச்சுளிப்பு வருமோ என்று அஞ்சுகிறார். சொல்லாமல் விடுகிறார். ஆசிரியர் அறையில் அமைதி குலையவில்லை. மதிப்பெண் இழந்தவர்கள் மாணவர்கள்; அவர்களுக்கு இந்த உரையாடலில் இடமே இல்லை.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாத உண்மை மறைந்துவிடுவதுமில்லை. அது சிற்றுண்டிச்சாலையில் புறங்கூற்றாக வெளிப்படுகிறது. புறங்கூறுவோரைக் கண்டிக்கும் தலைமையாசிரியர், தம் அறைக்கு வந்து நேரே சொன்னவரைத் தாம் எவ்வாறு நடத்தினார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமுறை சொல்லிச் சுடுசொல் பெற்றவர் மறுமுறை சொல்ல வரமாட்டார்; அவர் பட்டதைக் கண்ட மற்றவர்களும் வரமாட்டார்கள்.

இத்தகைய பேச்சுக்கு நிலம் பண்படுத்துவன அன்றாடச் சிறு செயல்களே. உடன் பணிபுரிவோரின் பெயரைச் சரியாக அறிந்து அழைத்தல். வாயிற்காவலரையும் துப்புரவுப் பணியாளரையும் அவ்வாறே மதித்தல். தம் பங்கு வேலையைப் பிறர் தலையில் கட்டாதிருத்தல். பிறர் செய்த நன்மையைப் பலர் அறியக் கூறுதல். குறையைத் தனியே அழைத்துக் கூறுதல். தவறு தம்முடையதாயின் உடனே ஏற்றுக்கொள்ளுதல். இவை வெறும் நாகரிகங்கள் என்று எண்ணப்படுகின்றன. உண்மையில் இவை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் முதல். கடுமையான உண்மை ஒன்றைச் சொல்லவேண்டிய நாளில் அந்த முதலே கைகொடுக்கும். நாள்தோறும் அன்போடு பழகியவர் சொல்லும் கண்டனம் உள்ளே இறங்கும். என்றும் முகம் பாராதவர் சொல்லும் கண்டனம் பகையாகத் தோன்றும்.

ஊர் கூடித் தேர் இழுப்பதை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது தமிழர் மரபு. வடம் பிடிப்போர் பலர். அனைவர் கண்ணும் அவர்கள்மேல் இருக்கும். ஆனால் சக்கரத்தின் அருகே, கையில் கட்டையோடு குனிந்து நடக்கும் சிலரும் இருக்கின்றனர். தேர் வேகம் மிஞ்சும்போதும், வீதி திரும்பும்போதும் சக்கரத்தின்கீழ்க் கட்டையைச் செருகித் தேரைத் தடுத்துத் திருப்புவோர் அவர்களே. பேச்சு வழக்கிலோ, 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது ஒரு வசையாகிவிட்டது. வீண் தடை செய்வோருக்கு அவ்வசை பொருந்தலாம். காலம் அறிந்து கட்டை போடுபவரும் தேர் இழுப்பவர்களுள் ஒருவரே. அவரை வைதுகொண்டே இழுத்தால் தேர் நிலைக்கு வராது. வீதி முனையில் இருக்கும் வீட்டுக்குள் புகும்.